என்னவாகப் போகிறாய்? என்ன செய்யப் போகிறாய்?

தரம் பத்து மாணவிகளிடம் ஒவ்வொரு வருடமும் முதலாம் தவணையில் ‘எனது எதிர்கால இலட்சியம்’ என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்வேன். நாற்பது கொப்பிகள் வந்தால் பாதிக்கு மேல் வைத்தியர்தான். மிச்சத்தைப் பொறியியலாளரும் சட்டத்தரணியும் ஆசிரியையும் பங்கிட்டுக் கொள்வார்கள். ‘ஏழைகளுக்கு இலவசமாக மருந்து கொடுப்பேன்’ என்ற வரி எல்லாக் கொப்பியிலும் இருக்கும். கையெழுத்து மட்டுந்தான் மாறும்.

அப்படி எழுதிய ஒரு மாணவி, உயர்தரப் பெறுபேறு வந்த அடுத்த கிழமை, தன் உம்மாவோடு கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து சொறிக்கல்முனையில் என் வீட்டுக்கு வந்தாள். அது அவளுடைய இரண்டாவது தரம். இசற்புள்ளி மருத்துவத்துக்குப் போதவில்லை. “டீச்சர், இனி எனக்கு ஒண்டுமில்ல” என்றாள். உம்மா என்னையே பார்த்தார். “மூணாந்தரமும் எழுதட்டுமா, இல்லாட்டிக் கலியாணத்தப் பார்க்கவா? நீங்க சொல்லுங்க டீச்சர்.”

நான் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, “ஏன் புள்ள, டொக்டராக வேணும் எண்டு முதல்ல எப்ப நினைச்ச?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, “மூத்தம்மாவுக்குச் சீனி வருத்தத்தால கால எடுத்தாங்க. அப்ப நான் ஆறாம் ஆண்டு” என்றாள்.

அந்தப் பதில் அவளுடைய கட்டுரையில் இருக்கவில்லை. அதில் பதவியின் பெயர் இருந்தது, வேலை இல்லை. பதவி ஒரு வெட்டுப்புள்ளியில் தொங்கும், புள்ளி குறைந்தால் அறுந்துவிடும். சீனி வருத்தத்தால் இன்னொருவருக்குக் கால் போகக்கூடாது என்ற வேலையை எந்தப் பரீட்சைத் திணைக்களத்தாலும் நிறுத்திவைக்க முடியாது. இந்தப் பாடம் அந்த வேறுபாட்டைப் பற்றியது.

இதற்கு உதாரணம் தேடித் தூரம் போகத் தேவையில்லை. கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, மாளிகைக்காடு தாண்டினால் காரைதீவு. அங்கே 1892இல் பிறந்த மயில்வாகனம் கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையில் ஆங்கிலம் படித்தார், பிறகு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிக்குப் போனார். பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் தேறினார். ஆசிரியப் பயிற்சி, 1916இல் விஞ்ஞான டிப்ளோமா, அதே ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சை, 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம். 1924இல் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார். இந்தப் பட்டியலை நீங்கள் பாடப்புத்தகத்தில் மனனம் செய்திருப்பீர்கள். மனனம் செய்யாத பகுதி ஒன்று உண்டு.

பழந்தமிழரின் யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகளாகிவிட்டன. எப்படி இருந்தது, எத்தனை நரம்பு, எந்த நரம்பு எந்தச் சுரம் என்று காட்ட ஒரு கருவிகூட மிச்சமில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் அதற்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையும் இருந்தன. அந்த உரையாசிரியர் மேற்கோள் காட்டிய இசை நூல்களிற் பல அழிந்துவிட்டன. இந்த நிலையில், ‘யாழை மீண்டும் ஒலிக்கச் செய்வது’ என்று ஒரு வேலையை அவர் எடுத்துக்கொண்டார். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் சென்றன.

அந்த ஆண்டுகளில் அவர் ஓர் இடத்தில் இருக்கவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931இல் பதவியேற்றவர், 1933இல் அதை விட்டுவிட்டு மட்டக்களப்புக்கு வந்து பாடசாலைகளைப் பார்த்தார். 1939இல் இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்துக்குப் போய் ஓர் ஆங்கிலச் சஞ்சிகையின் ஆசிரியராக இருந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். பதவிகள் வந்தன, போயின; அவரே சிலவற்றைக் கைவிட்டார். யாழ் மட்டும் பெட்டியோடு பெட்டியாக எல்லா ஊருக்கும் போனது.

அவருடைய ‘யாழ் நூல்’ ஏழு இயல்களாக இருக்கிறது. அவற்றின் பெயர்களைப் பார்த்தாலே வேலையை எப்படித் துண்டாக்கினார் என்பது விளங்கும். யாழின் உறுப்புகளுக்கு ஓர் இயல், நரம்புகளுக்கு ஓர் இயல், பாலைகள் ஒன்றிலிருந்து ஒன்று திரிவதற்கு ஓர் இயல், பண்களுக்கு ஒன்று, தேவாரத்துக்கு ஒன்று. இதில் விஞ்ஞான மாணவிகள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரண்டு மடங்காகும், மூன்றில் இரண்டாக்கினால் ஒன்றரை மடங்காகும். இந்தக் கணக்குத் தெரியாதவருக்கு அந்தப் பழைய வரிகள் வெறும் சொற்களே. இருபத்துநாலு வயதில் விஞ்ஞான டிப்ளோமாவுக்குப் படித்தபோது, அது சிலப்பதிகாரத்தைத் திறக்கும் சாவியாகும் என்று அவர் நினைத்திருப்பாரா? நினைத்திருக்கமாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1947 ஜூன் 5, 6ஆம் திகதிகளில் தமிழ்நாட்டின் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியது. அவருடைய ஆராய்ச்சியின்படி செய்த கருவிகள் அங்கே மீட்டப்பட்டன. ஜூலை 19இல் அவர் காலமானார். இடையில் ஆறு கிழமை.

‘அவர் பெரிய மேதை, எங்களால் முடியுமா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மேதைமையை விடுங்கள், துண்டாக்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனிய உளவியலாளர் பீற்றர் கொல்விட்சரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1997இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மாணவர்களுக்கு விடுமுறையில் ஒரு சிறு அறிக்கை எழுதும் வேலை கொடுக்கப்பட்டது. ஒரு பகுதியினரிடம் மட்டும், எந்த நேரத்தில், எந்த இடத்தில் இருந்து எழுதுவீர்கள் என்று முன்கூட்டியே குறிக்கச் சொன்னார்கள். குறித்தவர்களில் நாலில் மூன்று பங்கினர் உரிய நேரத்தில் எழுதி முடித்தார்கள். குறிக்காதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான். எல்லாரும் செய்கிறோம் என்று ஒத்துக்கொண்ட வேலைதான் அது.

ஆகவே ‘இரசாயனவியல் நன்றாகப் படிப்பேன்’ என்பது இலக்கல்ல. ‘மஃரிபுக்குப் பிறகு குசினி மேசையில் ஐந்து கணக்கு’ என்பது இலக்கு. அதோடு தடையையும் எழுதிவையுங்கள். கார்த்திகை, மார்கழியில் கிட்டங்கியை வெள்ளம் மூடும் என்பது எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அதனால் மழைக்கு முன்பே அரிசி வாங்கி வைப்போம். கல்முனையில் வேலை உள்ளவர்கள் உறவினர் வீட்டில் தங்க ஒழுங்கு செய்வார்கள். வெள்ளம் வந்தபின் யாரும் திகைத்து நிற்பதில்லை. உங்கள் வீட்டு வெள்ளங்களும் தெரிந்தவைதானே: விருந்தாளி, தம்பியின் காய்ச்சல், கலியாண வீடு. ‘விருந்தாளி வந்தால், இஷாவுக்குப் பிறகு இரண்டு கணக்காவது’ என்று அதே தாளில் எழுதுங்கள்.

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தால் நாகூரின் பெயர் நம் எல்லாருக்கும் பழக்கம். அந்த நாகூரில் 1917இல் பிறந்தவர் சித்தி ஜுனைதா பேகம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பன்னிரண்டு வயதில் திருமணம், சில ஆண்டுகளிலேயே கணவர் இறந்துவிட்டார். 1938இல் ‘காதலா? கடமையா?’ என்ற அவருடைய நாவல் வெளியானது, உ. வே. சாமிநாதையர் அதற்கு அணிந்துரை எழுதினார். தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். எழுதுவதற்கு அவரிடம் ஒரு சான்றிதழும் இருக்கவில்லை. அந்தக் காலத்தில் அவரிடம் ‘என்னவாகப் போகிறாய்?’ என்று எவரும் கேட்டிருப்பார்களா என்பதே சந்தேகம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் பிள்ளையை நிறுத்தி, “டொக்டருக்குப் படிக்கிறா” என்று சொல்லும்போது நமக்குப் பெருமைதான். பெறுபேறு வந்த பிறகு அதே ஆட்களின் முகத்தில் விழிக்கப்போவது அந்தப் பிள்ளை. எங்களுடைய வாக்கை அது ஏன் சுமக்க வேண்டும்? மூன்றாம் தரம் எழுதுவதா என்ற கேள்விக்கும் எல்லாருக்கும் பொருந்தும் விடை கிடையாது. முதல் இரண்டு தரமும் எந்தப் பாடத்தில், எந்த அலகில் புள்ளி போனது என்று பிள்ளையால் சொல்ல முடிந்தால் எழுதட்டும். சொல்ல முடியாவிட்டால் அதே வருடத்தைத்தான் மீண்டும் எழுதப்போகிறாள்.

வந்த மாணவியிடம் அன்று ஒரு புதுக் கொப்பி கொடுத்தேன். முதல் பக்கத்தில் ‘எங்கள் ஒழுங்கையில் சீனி வருத்தத்தால் இன்னொருவருக்குக் கால் போகக்கூடாது’ என்று எழுதினாள். அதன் கீழே ஒழுங்கையில் சீனி வருத்தம் உள்ள பெண்களின் பெயர்கள், பதினொன்று. கிளினிக் திகதி, மருந்து, பாதத்தில் புண் உண்டா இல்லையா என்று மூன்று நிரல்கள்.

மூன்றாம் தரம் அவள் எழுதவில்லை. புள்ளிகளை உம்மாவோடு உட்கார்ந்து பார்த்து அவளே எடுத்த முடிவு. இப்போது சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்தில் உயிரியல் படிக்கிறாள். கலியாணப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிவைத்திருக்கிறார்கள். போன மாதம் கொப்பியோடு வந்தாள். ஓரங்கள் மடிந்து, எண்ணெய் பட்டு, இரண்டாவது கொப்பி அது.

“எட்டுப் பேர் ஒழுங்காப் போறாங்க டீச்சர். மூணு பேர் கிளினிக்குக்கு வரமாட்டம் எண்டு நிக்கிறாங்க. அதில ஒராள் எங்கட உம்மாதான்.”