மாயாவிக்கு கலர் வேணுமா?

சூப்பர் ஹீரோ காமிக்ஸ் பத்திப் பேச்சு வந்தாலே நம்ம ஹாஸ்டல்ல ரெண்டு கட்சி உருவாகிடும். "பழசெல்லாம் கறுப்பு வெள்ளை, அதை யாருடா படிப்பா?"ன்னு ஒரு கட்சி. "புதுசெல்லாம் வெறும் பளபளப்புடா"ன்னு இன்னொரு கட்சி. ரெண்டு பேருமே புத்தகத்தோட வயசைப் பாக்குறாங்க, படத்தைப் பாக்கல. ஒரு பேனல்ல கோட்டுக்கு ஒரு வேலை இருக்கு, கலருக்கு வேற வேலை இருக்கு. அந்த வேலைகளைப் பிரிச்சுப் பார்க்கக் கத்துக்கிட்டா, ஒரு புத்தகம் ஏன் நம்மளைப் பிடிச்சு இழுக்குது, இன்னொண்ணு ஏன் அஞ்சாவது பக்கத்துலயே சலிக்குதுன்னு சொல்லிட முடியும். நம்ம இதழுக்கு காமிக்ஸ் வரையணும்னு ஆசைப்படுறவங்களுக்கும் இது உதவும்.

கோடு: நம்ப வைக்கிற வேலை

நம்ம ஊர் உதாரணத்துல இருந்தே ஆரம்பிப்போம். 1972-ல் சிவகாசியில் தொடங்கின முத்து காமிக்ஸின் முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. மூலக்கதை, 1962-ல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. வலது கைக்குப் பதிலா இரும்புக்கை மாட்டின ஒருத்தன் மேல மின்சாரம் பாஞ்சா உடம்பு மறைஞ்சுடும், அந்தக் கை மட்டும் தெரியும். உங்க அப்பாவோ மாமாவோ வெச்சிருக்கிற பழைய பெட்டியில இது கட்டாயம் ஒண்ணாவது இருக்கும்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. அந்தரத்துல ஒரு கை மட்டும் மிதந்து வருது. இதைக் கார்ட்டூன் மாதிரி வரைஞ்சா நமக்குச் சிரிப்புதான் வரும். பிளாஸ்கோ அறை, மேஜை, கதவு, பயந்து நிக்கிற ஆளோட முகம்னு கையைச் சுத்தி இருக்கிற அத்தனையையும் நிஜம் போலவே வரைஞ்சார். சுத்தி இருக்கிறது எல்லாம் நிஜமா இருக்கறதால, நடுவுல வர்ற அந்த ஒரு பொய்யையும் நம்ம மூளை ஏத்துக்குது. கதையை நம்ப வைக்கிறது கோட்டோட முதல் வேலை.

அடுத்து ஸ்பைடர். மார்வெல் ஸ்பைடர்மேன் இல்லீங்க, இவர் வேற. 1965-ல் பிரிட்டனின் 'லயன்' வாரப் பத்திரிகையில் வந்து, 1984-ல் தொடங்கின நம்ம லயன் காமிக்ஸ் மூலமா தமிழ்ல பிரபலமான குற்றச் சக்கரவர்த்தி. சூப்பர்மேனை உருவாக்கின இருவர்ல ஒருவரான ஜெர்ரி சீகல், பின்னாடி இந்தத் தொடருக்கும் கதை எழுதியிருக்கார். வரைந்தவர் ரெஜ் பன். இவரோட பக்கங்கள்ல மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமா நெருக்கமா ஓடும். நிழல், முகச் சுருக்கம், சுவரோட கரடு எல்லாமே அந்தக் கோடுகள்தான். ஹீரோவே ஒரு கெட்டவன் என்பதால அந்த இருட்டு கதைக்கு அப்படியே பொருந்துது.

இதை மனசுல வெச்சுக்கோங்க: பன் நிழலைக் கோட்டாலேயே போட்டு முடிச்சுட்டார். அதுக்கு மேல இன்னொருத்தர் கலர்ல திரும்ப ஒரு நிழல் போட்டா என்ன ஆகும்? ஒரே வேலையை ரெண்டு பேர் செஞ்ச மாதிரி படம் சேறாகிடும்.

கலர்: அடையாளம், மனநிலை

அமெரிக்காவில் நிலைமை வேற. 1938-ல் வந்த சூப்பர்மேன் ஆரம்பத்துல இருந்தே கலர் புத்தகத்தில் வாழ்ந்தவர். ஆனா அந்தக் கலர் நம்ம போன் திரையில இருக்கிற மாதிரி லட்சக்கணக்குல இல்ல. சியான், மெஜந்தா, மஞ்சள் மூணு மையும் ஒவ்வொண்ணும் நாலு அளவுலதான் போட முடிஞ்சது: இல்லை, கால், அரை, முழுசு. கணக்கு நமக்குத் தெரிஞ்சதுதான், 4 × 4 × 4 = 64. அந்த 64-ஐ வெச்சு, மலிவான நியூஸ்பிரிண்ட் தாள்ல, தூரத்துல இருந்து பார்த்தாலும் யார் ஹீரோன்னு தெரியணும். அதனாலதான் சூப்பர்மேன், கேப்டன் அமெரிக்கா, ஸ்பைடர்மேன் மூணு பேருக்கும் சிவப்பும் நீலமும். ஜோக்கர், கிரீன் காப்ளின் மாதிரி வில்லன்களுக்குப் பச்சையும் ஊதாவும். முகமே தெரியாத சின்னப் பேனல்லகூட நம்ம கண்ணு ஆளைக் கண்டுபிடிச்சுடும்.

ஹல்க் கதை இன்னும் சுவாரசியம். 1962-ல் வந்த முதல் இதழ்ல ஹல்க் சாம்பல் நிறம். ஆனா அச்சுல அந்தச் சாம்பல் ஒரே மாதிரி நிக்கல, பக்கத்துக்குப் பக்கம் மாறிட்டே இருந்தது. அதனால ரெண்டாவது இதழ்லயே பச்சையாக்கிட்டாங்க. உலகத்துக்கே தெரிஞ்ச அந்தப் பச்சை, அச்சு இயந்திரத்தோட ஒரு பிரச்சனைக்குக் கிடைச்ச தீர்வு! கூடவே கவனிங்க: பச்சை உடம்பு, ஊதா கால்சட்டை. வில்லனோட கலர் சேர்க்கை. இவன் நல்லவனா கெட்டவனான்னு நமக்கு வர்ற சந்தேகத்துல அந்தக் கலருக்கும் பங்கு இருக்கு.

ஒரே கோடு, ரெண்டு கலர்

கலர் எவ்வளவு தூரம் கதையை மாத்தும்னு சந்தேகமா இருந்தா, 'பேட்மேன்: தி கில்லிங் ஜோக்' புத்தகத்தோட ரெண்டு பதிப்பையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. 1988-ல் ஓவியர் பிரையன் போலண்ட் வரைஞ்சதுக்குக் கலர் கொடுத்தவர் ஜான் ஹிக்கின்ஸ். மஞ்சள், ஆரஞ்சு, ஊதான்னு கண்ணைக் குத்துற கலர்கள். 2008-ல் போலண்ட் தானே அதே பக்கங்களுக்குப் புதுசா கலர் போட்டார். இந்தத் தடவை எல்லாம் அடங்கின, குளிர்ந்த கலர்கள். ஜோக்கரோட பழைய நினைவுகள் கிட்டத்தட்ட கறுப்பு வெள்ளை, அதுக்குள்ள ஏதோ ஒரு பொருள் மட்டும் சிவப்பு.

வசனம் அதேதான், கோடும் கிட்டத்தட்ட அதேதான். ஆனா முதல் பதிப்பைப் படிச்சா பைத்தியக்காரத் திருவிழாவுக்குள்ள மாட்டிக்கிட்ட மாதிரி தலை சுத்துது. ரெண்டாவதைப் படிச்சா ஒரு மனுஷனோட சோகத்தை மழையில நின்னு பாக்குற மாதிரி இருக்கு. எனக்கு முதல் பதிப்புதான் பிடிக்கும். உங்களுக்கு ரெண்டாவது பிடிக்கலாம். ஆனா ரெண்டும் ஒரே அனுபவம்னு மட்டும் யாராலயும் சொல்ல முடியாது.

சரி, மாயாவிக்கு கலர் போடலாமா?

இப்ப ஏதாவது ஒரு ஆப்ல பழைய பக்கத்தைப் போட்டா, ஒரு நொடியில கலர் அடிச்சுக் கொடுத்துடுது. "மாயாவியைக் கலராக்கிட்டேன் மச்சி"ன்னு குரூப்ல அனுப்பவும் செய்றாங்க. அந்தக் கை தோல் நிறத்துக்கு மாறியிருந்தா அது ஆப்போட குறை, திருத்திடலாம். பிரச்சனை அதைவிட ஆழமானது. கறுப்பு வெள்ளைப் பக்கத்துல அழுத்தமான மையால வரைஞ்ச கைதான் நம்ம கண்ணை முதல்ல இழுக்குது. சுத்தி வெறும் வெள்ளைத் தாள். 'அங்க ஆள் இல்ல'ங்கிறதை அந்த வெள்ளையே சொல்லிடுது. அங்க நீலச் சுவர், பச்சைத் திரைன்னு எல்லாத்துக்கும் சமமா கலர் அடிச்சா, கண்ணு நாலு பக்கமும் அலையும், கை தொலைஞ்சு போகும்.

அதுக்காகக் கலரே கூடாதுன்னு இல்ல. போடுறவர் யோசிச்சுப் போடணும். பின்னாடி இருக்கிற எல்லாத்தையும் ஒரே மங்கலான கலர்ல அடக்கிட்டு, கைக்கு மட்டும் பளிச்சுன்னு ஒரு கலர் கொடுக்கலாம். 'ஹெல்பாய்' புத்தகங்கள்ல டேவ் ஸ்டீவர்ட் செய்றது இதுதான். சுத்தி மங்கின கலர்கள், நடுவுல ஹெல்பாய் மட்டும் சிவப்பு.

தாளையும் பாக்கணும். நியூஸ்பிரிண்ட் மையை உறிஞ்சிடும், புள்ளிகள் பரவி கலர் மங்கும். அதைத் தெரிஞ்சேதான் அந்தக் காலத்துல அழுத்தமான கலரா போட்டாங்க. அதே கலரை அப்படியே வழவழப்பான ஆர்ட் பேப்பர்ல மறுபதிப்பு செஞ்சா கண்ணு கூசுது. நாம உடனே "பழைய ஆளுங்களுக்கு ரசனையே இல்ல"ன்னு சொல்லிடறோம். தப்பு அவங்க மேல இல்ல, தாள் மாறிடுச்சு.

நீங்களே செஞ்சு பாருங்க

நான் நெல்லிக்குப்பம். எங்க ஊர்னா முதல்ல ஞாபகம் வர்றது சர்க்கரை ஆலைதான். அதையே உதாரணமா எடுத்துக்குவோம். ஆலைப் புகைபோக்கி உச்சியில ஒரு ஹீரோ நிக்கிறான், கீழ கரும்பு ஏத்தின டிராக்டர் வரிசை, சுத்தி கரும்பு வயல். சுமாரா வரைஞ்சா போதும். மூணு ஜெராக்ஸ் எடுங்க.

முதல் பிரதி: எல்லாத்துக்கும் உள்ளது உள்ளபடி கலர். வயல் பச்சை, வானம் நீலம், ஹீரோவோட உடையும் நீலம். ஹீரோ வானத்துல கரைஞ்சு போவான்.

ரெண்டாவது பிரதி: சாயங்கால ஆரஞ்சு வானம். ஆலை, வயல், டிராக்டர் எல்லாமே ஒரே மங்கின பழுப்பு. ஹீரோ மட்டும் நீலம். இப்ப கண்ணு நேரா மேல போகும், ஏதோ நடக்கப் போகுதுன்னு ஒரு படபடப்பும் வரும்.

மூணாவது பிரதி: கலரே வேண்டாம். ராத்திரி வானத்தை முழுக் கறுப்பாக்கி, ஹீரோவை மட்டும் வெள்ளையா விடுங்க.

முடிச்சதும் மூணையும் போன்ல படம் எடுத்து, கறுப்பு வெள்ளை ஃபில்டர் போடுங்க. எதுல ஹீரோ இன்னும் தனியா தெரியுறானோ, அதுல வெளிச்சமும் இருட்டும் சரியா அமைஞ்சிருக்கு. எதுல சாம்பலோட சாம்பலா கலந்துட்டானோ, அதை எவ்வளவு பளபளப்பாக்கினாலும் காப்பாத்த முடியாது.

அடுத்த தடவை ஒரு காமிக்ஸைக் கையில எடுத்தா, கதாசிரியர், ஓவியர் பேரோட கலர் போட்டவர் பேரையும் தேடிப் படிங்க. அப்பாவோட பெட்டியில இருக்கிற மாயாவியையும் ஒரு தடவை எடுத்துப் புரட்டுங்க. கை எங்க இருக்குன்னு கண்ணு எவ்வளவு வேகமா கண்டுபிடிக்குதுன்னு பாருங்க. உங்க மூணு பிரதிகளையும் இதழ் குழுவுக்கு அனுப்புங்க, அடுத்த இதழ்ல போட்டுப் பேசுவோம்.