நூலும் நூலும்

தமிழில் 'நூல்' என்னும் ஒரே சொல் இழையையும் குறிக்கும், புத்தகத்தையும் குறிக்கும். பஞ்சு இழையாவதையும் சொல் நூலாவதையும் நன்னூலார் ஒப்பிட்டுக் காட்டியதை நாம் அறிவோம். குரோஷா பின்னலைப் பொழுதுபோக்காகக் கொண்ட எனக்கு, அவ்வொப்புமையின் ஆழம் சென்ற பருவத்தில்தான் விளங்கிற்று.

வகுப்பில் படிப்பதற்காக அதிபரவளைய வடிவியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். கூடுவாஞ்சேரியில் எங்கள் வீட்டில் அதை உரக்கப் படித்துப் பார்த்தபோது, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் தாயார், "இது யாருக்கும்மா புரியும்?" என்றார். உண்மையில் எனக்கே புரியவில்லை. புத்தகத்திலிருந்ததை அப்படியே பெயர்த்து எழுதியிருந்தேன்.

ஆகவே, அவரிடம் கற்ற பின்னலையே துணைக்கு அழைத்தேன். நடுவில் ஆறு கண்ணிகளோடு தொடங்கி, சுற்றுக்கு ஆறு கண்ணிகள் கூட்டினால் 6, 12, 18, 24 என வளர்ந்து தட்டையான விரிப்பு கிடைக்கும். ஆரம் வளரும் விகிதத்திலேயே சுற்றளவும் வளர்வது இதற்குக் காரணம். கூட்டுவதைக் குறைத்தால் விளிம்பு உள்வளைந்து குல்லாயாகும். இது கோளப் பரப்பு. சுற்றுதோறும் இரட்டித்தால் 6, 12, 24, 48, 96, 192 எனப் பெருகும். தட்டை விரிப்பின் ஆறாம் சுற்றில் 36 கண்ணிகளே, இதிலோ 192! இடம் போதாத விளிம்பு, கோழிக்கொண்டைப் பூவைப்போல் அலையலையாக மடிகிறது. இதுவே அதிபரவளையப் பரப்பு. சமதளத்தில், ஒரு கோட்டிற்கு வெளியேயுள்ள புள்ளி வழியாக அக்கோட்டை வெட்டாத கோடு ஒன்றே வரையலாம். இங்கோ எண்ணற்றவை வரையலாம்.

இப்பரப்பை முதன்முதலில் குரோஷாவில் பின்னியவர், லாட்வியாவில் பிறந்த கணித அறிஞர் டெய்னா தைமினா. எளிதில் கிழியும் காகித மாதிரிகளுக்கு மாற்றாக, 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதைச் செய்தார். 2009-இல் நூலாகவும் எழுதினார். அறிவியல் எழுத்தாளர் மார்கரெட் வெர்த்தைமும் அவர் சகோதரி கிறிஸ்டீனும் 2005-இல் இதே முறையில் பவளப் பாறைகளைப் பின்னத் தொடங்கினர். கடல் வெப்பமுற்றுப் பவளங்கள் வெளிறி மடியும் கதையை இழையாலேயே உலகுக்குச் சொன்னார்கள். நம் மன்னார் வளைகுடாப் பவளங்களும் அவ்வெளிறலுக்குத் தப்பவில்லை.

இத்தகைய முயற்சி நமக்குப் புதிதன்று. கூடுவாஞ்சேரிக்கு அருகில், தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமனி வாசற்கோலங்களை ஆராய்ந்தார். 1974-இல் ராணி சிரோமனி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் இணைந்து, கோலத்திற்கும் கணித இலக்கணம் உண்டெனக் காட்டும் கட்டுரையை வெளியிட்டார். நம் பெண்கள் நாள்தோறும் புள்ளி வைத்துப் போடும் கோலம் ஆராய்ச்சிப் பொருளாயிற்று.

என் கட்டுரையைப் பின்னலிலிருந்து தொடங்கி மீண்டும் எழுதி, தாயாருக்குப் படித்துக் காட்டினேன். கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "எல்லாம் சரி. முதல் சுற்றிலே எத்தனை கண்ணின்னு எழுதவே இல்லையே? படிக்கிறவங்க எப்படிப் பின்னுவாங்க?" என்று கேட்டார்.

அன்று அவர் சுட்டிய குறை இக்கட்டுரையில் இல்லை. ஒரு கண்ணி விட்டால் பின்னல் பிரியும். ஒரு படி விட்டால் விளக்கமும் பிரியும். அறிவியல் எழுத விழையும் நண்பர்களே, எழுதியதை முதலில் உங்கள் வீட்டில் படித்துக் காட்டுங்கள். அங்கே ஒரு நல்ல ஆசிரியர் இருக்கக்கூடும்.