நீளத்தை மாற்றிய இருவர்



"எல்லாரும் எப்படிப் போறாங்களோ, நாமளும் அப்படியே போயிடுவோம்." ஒர்க்‌ஷாப்பிலும் விடுதியிலும் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சீனியர் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து ஜூனியர் எழுதுவான். அவனைப் பார்த்து அடுத்த வருஷத்துக்காரன் எழுதுவான். படமும் மாறாது, தப்பும் மாறாது! இதற்கு மருந்தாக, நம்ம தஞ்சைச் சீமையில் நடந்த ஒன்றையே பாடமாகப் படிப்போம்.

மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் போகும் வழியில் திருவாவடுதுறை, நரசிங்கம்பேட்டை என்று அக்கம்பக்கத்து ஊர்கள் இரண்டு. முதல் ஊரைத் தன் பெயரோடு சேர்த்துக் கொண்டவர் நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). இரண்டாவது ஊரில் நாதஸ்வரம் கடைந்தவர் ரங்கநாதன் ஆசாரி.

அந்நாளில் பழக்கத்தில் இருந்தது 'திமிரி' என்னும் குட்டை நாதஸ்வரம். சுருதி உச்சத்தில் நிற்கும். நாலு வீதிக்குக் கேட்கும். ஆனால் அதில் சுத்த மத்திமம் சரியாகப் பேசாது. பிள்ளைவாள் பேர் போனதோ தோடி ராகத்தில். தோடிக்கு வேண்டியதோ அந்தச் சுத்த மத்திமம்தான்! வாய்ப்பாட்டும் கற்ற அவர், 'எல்லாரும் இதைத்தானே வாசிக்கிறாங்க' என்று விட்டுவிடவில்லை. அவருக்காக ரங்கநாதன் ஆசாரி உருவாக்கியதுதான் நீளமான 'பாரி' நாதஸ்வரம்.

நீளம் கூடினால் சுருதி இறங்கும். நாம் ஃபிசிக்ஸில் படித்ததுதான். ஆனா வேலை அத்தோட முடியலை. துளைகளின் இடம் மாறணும், உள்கூட்டின் சரிவு மாறணும், விரலும் எட்டணும். நாள்பட்ட ஆச்சா மரத்தைக் கடைந்து துளை போடும்போது ஒரு நூல் தள்ளினாலும் ஸ்வரம் கெட்டுவிடும். ஒன்றை மாற்றத் துணிந்தவன் அதோடு ஒட்டிய ஒன்பதையும் கணக்குப் பார்த்தாக வேண்டும்.

ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்தார், ஷெர்வானி போட்டார். அதுவும் வழக்கத்தை மீறியதுதான். ஆனா அத்தோட நின்னிருந்தா இன்னிக்கு யார் அவரை நினைப்பாங்க? பழைய வாத்தியத்தை முழுசாக் கத்துக்கிட்டார். அதில் எது குறை என்று காதால் கண்டுபிடித்தார். அந்தக் குறையைத் தீர்க்கத் தெரிந்த கையைத் தேடினார். மீறுவது என்றால் இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நண்பா. 'எனக்குப் பிடிக்கலை' என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்காருவது சோம்பல்!

இன்னொன்றும் கவனியுங்கள். மேடையில் கைதட்டல் ஒருவருக்கு. பட்டறையில் வியர்வை இன்னொருவருக்கு. ஆசாரி இல்லையென்றால் சக்கரவர்த்தி கேட்ட ஒலி மனசுக்குள்ளேயே நின்றிருக்கும். 'டிப்ளமோதானே!' என்று நம்மை நாமே குறைச்சுக்கிறோமே, வரைபடத்தையும் பட்டறையையும் இணைக்கிற கை நம்ம கைதான். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமை ஒரு பட்டறை ஊருக்குக் கிடைத்த பெருமை.

ஆகவே, நாளைக்கு லேத் முன்னால் நிற்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த அளவு ஏன் இப்படி?" பதில் சரியாக இருந்தால் அப்படியே செய்யுங்கள். சரியில்லை என்றால், உங்கள் பாரி நாதஸ்வரம் அங்கேதான் இருக்கிறது!