ரிலே பின் ஆனா, ஆஃபா? சி நிரலில் பார்ப்பது எப்படி?

மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன்பே போர்வெல் தண்ணீரில் குறுவைக்கு நாற்று விடுவது தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் சகஜம். மும்முனை மின்சாரம் வந்ததும் ரிலே மூலம் அந்தப் போர்வெல் மோட்டாரைப் போடும் பெட்டியை ஆர்டுயினோ ஊனோவில் செய்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

● ஊனோவின் ஏடிமெகா328பி சிப்பில், அவுட்புட் பின்னுக்கு நிரல் கடைசியாக எழுதிய மதிப்பு ‘போர்ட்’ ரிஜிஸ்டரில் இருக்கும். 13-ஆம் பின் என்றால் போர்ட்-பியின் 5-ஆவது பிட்.

● சிப்பின் காலில் இருக்கும் நிஜ நிலையைச் சொல்வது ‘பின்’ ரிஜிஸ்டர். டிஜிட்டல்ரீட் படிப்பதும் இதைத்தான். எழுதிய உடனே படிப்பதாக இருந்தால், நடுவே ஒன்றும் செய்யாத ‘நாப்’ கட்டளை ஒன்று தேவை.

● போர்ட்டில் 1, பின்னில் 0 என்றால் ஷார்ட் அல்லது அதிக லோடு. டிரான்சிஸ்டர் பேஸில் ரெசிஸ்டர் விடுபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

● ‘பின்’ ரிஜிஸ்டரில் 1 எழுதிவிடாதீர்கள். இந்தச் சிப்பில் அவுட்புட் தலைகீழாக மாறி, ஓடும் மோட்டார் நின்றுவிடும்.

● ஊனோவுக்குப் பதில் பிக்18 வரிசைச் சிப் என்றால், எழுதிய மதிப்புக்கு ‘லாட்’, காலின் நிலைக்கு ‘போர்ட்’.

● பல ரிலே போர்டுகள் 0 கொடுத்தால்தான் ஆன் ஆகும். வாங்கியதும் சோதித்துவிடுங்கள்.

பின் சரியாக இருந்தும் ஃபியூஸ் போயிருந்தால் மோட்டார் ஓடாது. அதை அறிய, மோட்டார் வயரில் கரண்ட் சென்சார் மாட்டி அந்த அளவையும் நிரலில் படிக்க வேண்டும்.