இரத்தம் எடுக்கும் முன்

அன்புள்ள மீனாட்சிக்கு,

மருத்துவக் கல்லூரியில் முதன்முதலாக ஒரு நோயாளியிடம் இரத்தம் எடுத்தபோது கை நடுங்கியதாக எழுதியிருந்தாய். நடுக்கம் பழகப் பழகப் போய்விடும். அதற்குள் இருக்கும் சிரத்தை போய்விடக் கூடாதே என்பதற்காக, நம் ஊரில் நடந்த ஒரு சரித்திரத்தைச் சொல்கிறேன்.

எய்ட்ஸ் என்பது எங்கோ அந்நிய தேசத்து வியாதி என்று நாடே நிம்மதியாக இருந்த காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற செல்லப்பன் நிர்மலா, தம் பேராசிரியை டாக்டர் சுநீதி சாலமன் சொன்ன பொருளை ஆராய்ச்சிக்கு ஏற்று, பாலியல் தொழிலில் அகப்பட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களைத் தேடிச் சென்று இரத்தம் சேகரித்து, அதை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் காத்து, 1986-ஆம் ஆண்டு தொடக்கத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது, ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி.யின் அடையாளம் தெரிந்தது. இந்தியாவில் அக்கிருமி இருப்பது அன்றுதான் பிரத்தியட்சமாயிற்று.

அரிய சாதனைதான், சந்தேகமில்லை. ஆயினும் இரத்தம் எதற்காக எடுக்கப்படுகிறது என்பது அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. தேசத்தை எச்சரித்த இரத்தத்தைத் தந்த அவர்கள் மீதே சமூகம் பழியையும் சுமத்தியது.

1993-இல் டாக்டர் சுநீதி சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற நிலையத்தைத் தொடங்கினார். அங்கே வந்த பெண்களின் கதையைப் பொறுமையாகக் கேட்கக் கேட்க வெளிப்பட்ட உண்மை வேறு: கணவனையன்றி வேறு ஆடவனை அறியாத குடும்பப் பெண்கள், கற்பே தங்களுக்குக் காவல் என்று நம்பியிருந்தவர்கள், பலர் அந்தத் தொற்றோடு வந்து நின்றார்கள். ஒழுக்கத்தின் பெயரால் பெண்ணைக் குற்றவாளியாக்கிய பேச்சு அங்கே பொருளற்றுப் போயிற்று.

அப்படிக் கணவர் வழியாகத் தொற்று பெற்றவர்தாம் நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா. மறைந்து வாழ்வதே கதி என்றிருந்த நாளில், தம் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் வெளியே வந்து, தம்மைப் போன்ற வேறு சில பெண்களோடு 1998-இல் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்ற சங்கத்தை அவர் அமைத்தார். சிகிச்சை, சொத்துரிமை, குழந்தைகளின் படிப்பு என எதைப் பற்றியும் பிறர் தங்களுக்காகப் பேசக் காத்திராமல், அப்பெண்கள் தாங்களே பேசத் தொடங்கினார்கள்.

ஆராய்ச்சியும் நிற்கவில்லை. தம்பதியரில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருக்கும்போது, அவருக்கு முன்கூட்டியே சிகிச்சை தொடங்கினால் மற்றவருக்கு அவரிடமிருந்து தொற்றும் அபாயம் 96 சதவிகிதம் குறைகிறது என்று பல தேசங்களில் நடந்த ஓர் ஆய்வு 2011-இல் நிரூபித்தது. அதில் சென்னைக்கும் பங்கு உண்டு. தம்பதிகள் தாமே அறிந்து சம்மதித்துப் பங்கெடுத்ததால் கிடைத்த அறிவு அது.

ஆகவே குழந்தாய், அடுத்த முறை ஊசியை எடுக்கும் முன் எதிரே இருப்பவரின் பெயரைக் கேள்; எதற்காக எடுக்கிறாய் என்று அவருக்குப் புரியும் சொற்களில் சொல்; அவர் கேட்க நினைப்பதைக் கேட்டு முடிக்கும்வரை காத்திரு. பிறகு இரத்தம் எடு.

அன்புடன்,
உன் பெரியப்பா