டிராக்டர் பிளேடு: குறை எங்கே இருக்கிறது?

ஆடித்தபசு முடிந்த கையோடு சங்கரன்கோவில் வட்டாரத்தில் மானாவாரி நிலங்களைத் திருத்தும் வேலை தொடங்கிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது நிலம் மேடும் பள்ளமுமாக இருந்தால், மேட்டில் விழுந்த மழை நிற்காமல் ஓடிவிடும். பள்ளத்தில் தேங்கிய நீரில் பயிர் மஞ்சளாகி அழுகும். இதற்காகவே சிறு விவசாயிகள் மணி வாடகைக்கு டிராக்டர் பிடித்து, பின்பக்கப் பிளேடு போட்டு மண் இழுக்கிறார்கள். இரண்டு மணி நேரம் ஓடியும் நிலம் அலை அலையாகக் கிடந்தால் வாடகைப் பணம் வீண். பிளேடு சரியில்லை என்று வேறு வண்டி தேடுவோரும் உண்டு. ஆனால் பெரும்பாலும் குறை பிளேடில் இல்லை. அதை வண்டியில் மாட்டிய விதத்திலும் மண்ணின் பதத்திலும்தான் இருக்கிறது. வேலை தொடங்குமுன் பத்து நிமிடம் செலவிட்டால் இதைக் கண்டுகொள்ளலாம்.

அலை விழுவது ஏன்?

பிளேடு பின்சக்கரங்களுக்கும் பின்னால் தொங்குகிறது. முன்சக்கரம் மேட்டில் ஏறும்போது வண்டியின் பின்புறம் தாழ்ந்து, பிளேடு ஆழமாக வெட்டும். பின்சக்கரம் அதே மேட்டில் ஏறும்போது பிளேடு தூக்கிக்கொள்ளும். இதனால் சிறு மேடுகூட அடுத்த ஓட்டத்தில் பெரிதாகிறது. வேகம் கூடக்கூட அலையும் கூடும். ஆகவே தாழ்ந்த கியரில், விழுந்த அலைகளுக்குக் குறுக்கே சாய்வாக ஓட்ட வேண்டும். ஒரே இழுப்பில் முடிக்க நினைக்காமல் மெல்லிய படலமாகப் பல முறை சீவுவது நல்லது.

இன்னொரு காரணம் பலர் கவனிக்காதது. இன்றைய டிராக்டர்களில் உள்ள மூன்று புள்ளி இணைப்பும், ஆழத்தைத் தானே சரிசெய்யும் ஏற்பாடும் அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசனின் முயற்சியால் வந்தவை. இந்தத் தானியங்கி ஏற்பாட்டுக்கு 1926-ல் அவர் காப்புரிமை பெற்றார். அது கலப்பையை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. இழுவை கூடினால் கருவியைச் சற்றுத் தூக்கும், குறைந்தால் இறக்கும். கலப்பைக்கு இது நல்லது, பிளேடுக்கு ஆகாது. பிளேடின் முன்னால் மண் குவிந்ததும் இழுவை கூடி, அது எழும்பி மண்ணைக் கொட்டிவிடும். பாரம் குறைந்ததும் மீண்டும் இறங்கி வெட்டும். உழவை முடித்துவிட்டுப் பிளேடு மாட்டும் ஓட்டுநர்கள் டிராப்ட் லிவரை மாற்ற மறந்துவிடுகிறார்கள். வண்டியின் கையேட்டில் சொன்னபடி அதை விலக்கி வைத்து, பொசிஷன் லிவரால் பிளேடை இயக்கச் சொல்ல வேண்டும்.

குத்துவதும் வழுக்குவதும்

பிளேடு மண்ணைக் குத்திக் குழி பறித்தால் டாப் லிங்க் அதிகம் நீண்டிருக்கும். பிளேடின் தலை பின்னால் சாய, வெட்டும் விளிம்பு முன்னே நீட்டிக்கொள்கிறது. டாப் லிங்கைச் சுருக்கினால் பிளேடு நிமிர்ந்து, குத்தாமல் சுரண்டும். மாறாக, மண்ணே எடுக்காமல் வழுக்கினால் சற்று நீட்ட வேண்டும். ஒரு சுற்று, இரண்டு சுற்று திருகி ஓட்டிப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்.

நீட்டியும் வழுக்கினால் நிலம் இறுகியிருக்கிறது, அல்லது விளிம்பு மழுங்கிவிட்டது என்று பொருள். இறுகிய நிலத்தை முதலில் ஒன்பது கொத்துக் கலப்பையால் உழுதுவிட்டுப் பிளேடு போடலாம். பாரத்துக்காகப் பிளேடின் மேல் ஆளை உட்கார வைப்பது உயிருக்கே ஆபத்து. போல்ட்டில் பூட்டிய விளிம்புத் தகடு இரு பக்கமும் வெட்டும் வகையாக இருந்தால், தேய்ந்ததும் கழற்றித் திருப்பிப் போடலாம்.

ஒரு பக்கம் மட்டும் ஆழமாக வெட்டுகிறதா? வண்டியைச் சமமான களத்தில் நிறுத்திப் பிளேடை இறக்கிப் பாருங்கள். ஒரு முனை தூக்கி நின்றால், பெரும்பாலான வண்டிகளில் வலப்பக்கத் தூக்குத் தண்டில் உள்ள திருகால் சரிசெய்யலாம். அதற்கு முன் இரு பின்டயர்களிலும் காற்று ஒரே அளவா என்று பார்க்க வேண்டும். பிளேடு பக்கவாட்டில் ஆடினால் செக் செயினை இறுக்கி, தேய்ந்த பின்களை மாற்றினால் போதும்.

தூக்கிய பிளேடு தானே இறங்கினால் ஹைட்ராலிக் எண்ணெய் குறைவா, எங்காவது கசிகிறதா என்று பார்க்கலாம். எண்ணெய் சரியாக இருந்தும் இறங்கினால் அது மெக்கானிக் வேலை. தூக்கிய பிளேடின் கீழ் முட்டுக் கொடுக்காமல் யாரும் கை வைக்கக் கூடாது.

கரிசலில் கவனம்

குருவிகுளம், திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் ஈரமாக இருந்தால் பிளேடில் அப்பிக்கொள்ளும். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போட வேண்டும். உருண்டை உதிர்ந்தால் பதம் சரி. அப்படியே கிடந்தால் இரண்டு நாள் பொறுக்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய நட்டம், மேட்டை ஒரேயடியாக வெட்டுவதால் வருவது. வளமான மேல்மண் பள்ளத்துக்குப் போய், மேட்டில் அடிமண்ணோ சுக்கானோ தலைகாட்டினால் அந்த இடத்தில் சில ஆண்டுகள் பயிர் எழும்பாது. ஓரிடத்தில் கையளவு ஆழத்துக்கு மேல் வெட்ட வேண்டியிருந்தால், குறுக்கே வரப்புப் போட்டு நிலத்தை இரண்டு மட்டமாகப் பிரித்துவிடுவது மேல். எவ்வளவு ஏற்றத்தாழ்வு என்பதைக் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலால் முன்கூட்டியே அளந்து முளையடித்து வைத்தால், ஓட்டுநருக்கு எங்கே எடுத்து எங்கே போடுவது என்று தெரியும். வாடகை நேரமும் குறையும். முதல் மழைக்குப் பிறகு நீர் தேங்கிய இடங்களிலும் முளை அடித்து வைக்கலாம். அடுத்த கோடையில் அந்த இடங்களை மட்டும் இழுத்தால் போதும்.