கருப்பையில் கட்டி ஏன் வளர்கிறது?

பூந்தமல்லியின் பழம்பெயர் பூவிருந்தவல்லி. பெயரிலேயே பூ மணக்கும் ஊர். ஒரு மல்லிகைச் செடியை எடுத்துக்கொள்வோம். அதன் வேரிலுள்ள செல்லிலும், இலையிலுள்ள செல்லிலும், மொட்டிலுள்ள செல்லிலும் இருக்கும் டி.என்.ஏ. ஒன்றேதான். மணப்பொருளை உண்டாக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் வேரிலும் உள்ளன. இருந்தும் வேரில் மல்லிகை மணம் இல்லையே, ஏன்?

மரபணு இருப்பது வேறு, அது செயற்படுவது வேறு. செயற்படும்போது டி.என்.ஏ.யின் அப்பகுதி தூது ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்படுகிறது. அந்தப் படியைப் பார்த்து ரைபோசோம்கள் புரதத்தைக் கட்டுகின்றன. இதுவே மரபணு வெளிப்பாடு எனப்படும். எந்தச் செல்லில், எப்பொழுது, எவ்வளவு படியெடுக்க வேண்டும் என்பதில்தான் உயிரின் சூட்சுமம் அடங்கியுள்ளது. இந்தக் கணக்குப் பிசகினால் என்ன நேரும்? நம் வீட்டுப் பெண்கள் பலர் வெளியே சொல்லாமல் சுமந்து திரியும் ஒரு நோயைக் கொண்டு அதனைப் பார்ப்போம்.

கருப்பையின் சுவர் மென்தசையால் ஆனது. அச்சுவரில் சில பெண்களுக்கு உருண்டையான, கெட்டியான கட்டிகள் தோன்றுகின்றன. இவற்றை நார்த்திசுக் கட்டிகள் என்பர். மருத்துவமனைகளில் ‘ஃபைப்ராய்டு’ என்ற பெயரே வழங்குகிறது. கடுகளவிலிருந்து தேங்காயளவு வரை இவை வளரக்கூடும். இவை புற்றுநோய் அல்ல. பிற உறுப்புகளுக்குப் பரவுவதுமில்லை. ஐம்பது வயதுக்குள் பெரும்பாலான பெண்களுக்கு ஒரு சிறு கட்டியாவது இருக்கும் என்று அமெரிக்காவில் அல்ட்ராசவுண்ட் கருவியால் ஆராய்ந்தவர்கள் கண்டனர். பலருக்கு அதனால் எந்தத் தொல்லையும் இராது. சிலருக்கோ மாதந்தோறும் மிகுந்த உதிரப்போக்கு ஏற்படுகிறது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைகிறது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. “பொம்பளைன்னா அப்படித்தான்” என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அப்படியல்ல. அது நோய், அதற்குக் காரணமும் உண்டு.

ஒரு செல்லிலிருந்தா, பல செல்களிலிருந்தா?

ஒரு கட்டியில் கோடிக்கணக்கான செல்கள் உள்ளன. இவையனைத்தும் ஒரே செல்லின் வழித்தோன்றல்களா? அல்லது பக்கத்திலுள்ள செல்கள் பல ஒன்றுசேர்ந்து பெருகினவா? இக்கேள்விக்கு 1965-இல் அமெரிக்க விஞ்ஞானிகளான லிண்டர், கார்ட்லர் இருவரும் விடை கண்ட முறை மிக அழகானது. சற்று நிதானமாகப் பார்ப்போம்.

பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உள்ளன. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. கரு மிகச் சிறிதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் இவ்விரண்டில் ஒன்றை மௌனமாக்கிவிடுகிறது. இக்கருத்தை 1961-இல் வெளியிட்டவர் மேரி லயன் என்ற ஆங்கிலேய அம்மையார். எதை மௌனமாக்குவது என்பது குலுக்கல் சீட்டுப் போலத்தான். ஆனால் ஒருமுறை முடிவு செய்தபின், அச்செல்லின் சந்ததிகள் அனைத்தும் அதே முடிவைப் பின்பற்றும்.

ஜி6பி.டி. என்ற நொதியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. இந்நொதியில் ஏ, பி என இரு வகைகள் உண்டு. மின்புலத்தில் வைத்தால் இவை வெவ்வேறு வேகத்தில் நகரும், எளிதில் பிரித்தறியலாம். தாயிடமிருந்து ஒரு வகையும் தந்தையிடமிருந்து மற்ற வகையும் பெற்ற பெண்களின் கருப்பைத் தசையைச் சோதித்தனர். எதிர்பார்த்தபடி இரு வகையும் கலந்திருந்தன. பிறகு கட்டிகளைச் சோதித்தனர். ஒரு கட்டியில் ஏ மட்டுமே இருந்தது. அதே கருப்பையின் இன்னொரு கட்டியில் பி மட்டுமே இருந்தது! ஆகவே ஒவ்வொரு கட்டியும் ஒரே ஒரு செல்லிலிருந்து தோன்றியது என்பது தெளிவாயிற்று. ஒரு கருப்பையில் பத்துக் கட்டிகள் இருப்பின் அவை தனித்தனியே தொடங்கியவையாக இருக்கலாம். நூறு நுண்ணோக்கிகள் சொல்லாததை ஒரு நொதி சொல்லிவிட்டது.

அப்படியானால் அந்த முதற்செல்லில் ஏதோ மாறியிருக்க வேண்டும். என்ன மாறியது? இதற்கு விடை கிடைக்க மேலும் 46 ஆண்டுகள் ஆயின.

தரகரின் பிழை

2011-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தார் 225 கட்டிகளின் டி.என்.ஏ.யை ஆராய்ந்தனர். அவற்றுள் 159 கட்டிகளில், அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு எழுபதில், ஒரே மரபணுவில் பிழை இருந்தது. அதன் பெயர் மெட்12. அதிலும் பெரும்பாலான பிழைகள் அப்புரதத்தின் 44-ஆவது அமினோ அமிலத்தைக் குறிக்கும் இடத்திலேயே குவிந்திருந்தன.

மெட்12 என்ன வேலை செய்கிறது? கோயம்பேடு பூச்சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பூக்கூடையோடு வந்த விவசாயி ஒரு பக்கம், வாங்க வந்த வியாபாரி மறுபக்கம். இருவரையும் இணைப்பவர் தரகர். செல்லின் உட்கருவிலும் இப்படியே. ‘இந்த மரபணுவைப் படி’ என்ற செய்தியைக் கொண்டுவரும் புரதங்கள் ஒரு பக்கம், படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் நொதி மறுபக்கம். இடையில் நிற்பது ‘மீடியேட்டர்’ என்ற பெரும் புரதக் கூட்டு. மெட்12 அதன் ஓர் உறுப்பு. அக்கூட்டிலுள்ள சி.டி.கே.8 என்ற நொதியைத் தூண்டி வேலை வாங்கும் கங்காணி எனலாம். பிழைபட்ட மெட்12-ஆல் அந்நொதியைச் சரியாகத் தூண்ட முடிவதில்லை. எனவே பல மரபணுக்களின் வெளிப்பாடு ஒருங்கே தடம் மாறுகிறது. சந்தையில் தரகர் தடுமாறினால் ஒரு கடை மட்டுமா கெடும்?

மெட்12 மரபணு இருப்பதும் எக்ஸ் குரோமோசோமில்தான். பிழை மௌனமாகிவிட்ட எக்ஸில் நேர்ந்திருந்தால் கெடுதல் இல்லை. கட்டிகளிலோ பிழையுள்ள பிரதியே பேசிக்கொண்டிருந்தது. இப்பிழை பிறவியில் வந்ததன்று. கருப்பைத் தசையின் ஒரு செல்லில் பின்னர் ஏற்பட்டது. ஆகவே இது தாயிடமிருந்து மகளுக்குச் செல்வதில்லை. எஃப்.எச். என்ற வேறொரு மரபணுவின் பிழை பரம்பரையாக வருவதுண்டு. அது மிக அரிது. வேறு சில கட்டிகளில் 12-ஆம் குரோமோசோமில் முறிவு ஏற்பட்டு, ஹெச்.எம்.ஜி.ஏ.2 என்ற மரபணு அளவுமீறி வெளிப்படுகிறது.

கட்டியை அறுத்துப் பார்த்தால் வெண்மையாக, சுழிசுழியாக இருக்கும். அதன் கனத்தில் பெரும்பங்கு செல்களுக்கு வெளியே சேர்ந்த கொல்லாஜன் முதலிய நார்ப்பொருள்கள். கொல்லாஜனுக்கான மரபணுக்கள் பக்கத்துத் தசையைவிட இங்கு மிகுதியாக வெளிப்படுகின்றன. மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட முப்புரியே கொல்லாஜன் மூலக்கூறு. இந்த வடிவத்தைக் கண்டு 1954-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். நம் தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் அதே நார்தான் இங்கு வேண்டாத இடத்தில், ஒழுங்கின்றிக் குவிந்து கிடக்கிறது.

பிழை மட்டும் போதாது, உரமும் வேண்டும். ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்ட்ரோன் ஆகிய ஹார்மோன்களே அவ்வுரம். ஈஸ்ட்ரோஜன் செல்லினுள் புகுந்து தன் ஏற்பியுடன் சேர்ந்ததும், புரொஜெஸ்ட்ரோன் ஏற்பிக்கான மரபணு வெளிப்படத் தொடங்கும். பின்னர் புரொஜெஸ்ட்ரோன் வந்து வளர்ச்சியைத் தூண்டும். ஒன்று கதவைத் திறக்க, மற்றொன்று உள்ளே நுழைகிறது. பூப்பெய்துவதற்கு முன் இக்கட்டிகள் தோன்றாததும், மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்குவதும் இதனால்தான்.

இவ்வறிவால் என்ன பயன் என்று கேட்கலாம். தொல்லை மிகுந்தால் கருப்பையையே எடுத்துவிடுவது நெடுங்கால வழக்கம். சிலருக்கு அது தேவையே. ஆனால் தேவையில்லாதவர்களுக்கும் செய்யப்படுகிறது. பீகார், சத்தீஸ்கர், இராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்கு இவ்வாறு செய்யப்பட்டதாகத் தொடரப்பட்ட வழக்கில், இதனைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்துமாறு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் புற்றுநோய் என்று அஞ்சுவதே பலர் உடனே சம்மதிப்பதற்குக் காரணம் என்பது என் எண்ணம்.

மாற்று வழிகள் உண்டு. கட்டியை மட்டும் நீக்கலாம். அதற்குச் செல்லும் இரத்தக் குழாயை அடைக்கலாம். மருந்தும் உண்டு. சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்களைப் பிட்யூட்டரி சுரக்கச் செய்வது, மூளையின் ஹைப்போதலாமஸ் அனுப்பும் ஒரு சிறு ஹார்மோன். அதனைக் கண்டறிந்த கில்லெமின், ஷாலி இருவரும் 1977-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அந்த ஹார்மோனின் ஏற்பியைத் தடுக்கும் ரெலுகோலிக்ஸ் அடங்கிய மாத்திரை, கட்டியால் வரும் உதிரப்போக்கிற்காக 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எலும்பு தேயாமலிருக்க அம்மாத்திரையிலேயே சிறிதளவு ஈஸ்ட்ரோஜனும் சேர்க்கப்பட்டுள்ளது. ஆயினும் இவ்வகை மருந்துகள் உரத்தை நிறுத்துகின்றனவே தவிர விதையைத் தொடுவதில்லை. நிறுத்தினால் கட்டி மீண்டும் வளரக்கூடும். பிழைபட்ட மெட்12-ஐ நேரடியாகத் திருத்தும் மருந்து எதுவும் இன்னும் கடைக்கு வரவில்லை.